காடியில் நனைந்த கடிதம்

கடிதங்களைக் கீறுவது என் உத்தியோகம்.
துப்ரோவ்னிக்கின் கிழக்கு வாசலுக்கு வெளியே
கடலைப் பார்த்தபடி வரிசையாய்க் கல்கூடங்கள்.
மலை தாண்டி வரும் வணிகக் கூட்டம்
நாற்பது நாள் அங்கே கிடந்த பிறகுதான்
ஊருக்குள் காலெடுத்து வைக்கலாம்.
ஆட்களுக்கு நாற்பது நாள்.
காகிதத்துக்கு நான்.
இடுக்கியில் பிடித்து, கத்தியால் இரண்டு கீறல்,
ஜூனிப்பர் புகையில் மூன்று தடவை,
பிறகு காடியில் ஒரு முக்கு.
எத்தனை பேர் காதலில்
என் கை நெடி ஒட்டியிருக்கிறதோ.

புனித விளாஹோ திருநாளுக்கு மறுநாள்
பையில் வந்த ஒரு கடிதத்தில்
கீறல் இரண்டும் ஏற்கெனவே விழுந்திருந்தன.
என் கத்திக்கு முனை ஒடிந்தது;
அதன் தடம் தனியாகத் தெரியும்.
அதே தடம்.
மேலே என் பெயர்: பாஸ்கொயே.
எனக்கு யார் எழுதுவார்கள்?
நிலநடுக்கத்தில் என் தெருவே போய்
இருபத்து மூன்று வருஷம்.

கை பழக்கத்தை விடவில்லை. முக்கிவிட்டேன்.
கடைசி வரி கரைந்து
பழுப்பாய் விரலில் வந்தது.
மிச்சம் இவ்வளவுதான்:
"மணியை அடிக்காதே.
கொள்ளைநோய் இல்லை.
அவள் கொல்லவும் இல்லை.
மெழுகை உடைத்துப் பார்.
தேஷா."
தேதி, ஒன்பது வருஷம் தள்ளி.

எழுதியவர் குடித்திருக்க வேண்டும் என்று
மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.

பங்குனி மழையில் வந்தார்கள்
மெழுகு வியாபாரி ராதிச்சும்
அவன் கணக்கை முடிச்சுக் கயிற்றில் வைத்திருந்த பெண்ணும்.
"பெயர்?"
"தேஷா."
பேரேட்டில் மை சொட்டியது.
"எழுதத் தெரியுமா?"
"தெரிந்தால் கயிறு எதற்கு?"

எங்களுக்கு நடுவே ஒரு கோல் தூரம், சட்டப்படி.
அந்தத் தூரத்தில் நின்று
கழுதைகளின் குணம் பேசினோம்,
அவள் ஊர் ஆற்றைப் பேசினோம்,
ஒன்றும் பேசாமலும் இருந்தோம்.
அறுந்த என் சட்டைக்கு
அவள் தந்த பித்தளைப் பொத்தான்
காடிக் கிண்ணத்தில் விழுந்து
என்னிடம் வந்து சேர்ந்தது.
இன்றும் புளிக்கிறது.

பன்னிரண்டாம் இரவு ராதிச் செத்தான்.
உள்தாழ் போட்ட அறை, கறுத்த உதடு.
"கொள்ளைநோய்! மணியை அடி!" என்றான்
காவல் தலைவன் ஓர்சத்.
மணி அடித்தால் சரக்கெல்லாம் நெருப்புக்கு,
உள்ளே இருப்பவர்களுக்கு இன்னொரு நாற்பது நாள்.
பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"இல்லையென்றால் விஷம். கஞ்சி வைத்தவள் அவள்தானே?"

கயிறு என் கையில் இருந்தது.
வாழ்நாளில் ஒருமுறை
சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.
கோடாரி எடுத்து மெழுகில் போட்டேன்.
மஞ்சள் கட்டி பிளந்து
சுங்கம் கட்டாத போஸ்னிய வெள்ளி,
பாளம் பாளமாய்;
ஒவ்வொன்றிலும் ஓர்சத்தின் மோதிர முத்திரை.
பங்கு பிரிப்பதில் தகராறாம்.
மதுக்குப்பியை ஜன்னல் வழியாய் நீட்டியது அவனாம்.
விசாரணையில் எல்லாம் வந்தது.
மெழுகை ஏன் உடைத்தாய் என்ற கேள்விக்கு மட்டும்
"தேன் மணத்தது" என்றேன்.

நாற்பதாம் நாள்
கோலை எடுத்துக் கடலில் எறிந்தாள்.

அப்புறம் ஒன்பது வருஷம்.
கடிதம் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.
மீன்சந்தைக் கடன் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்
தானாகவே எழுத்துப் பழகினாள்.
நேற்றிரவு விளக்கடியில் உட்கார்ந்தாள்.
என் கத்தி அவள் மடியில்.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்:
"மணியை அடிக்காதே..."
ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.
பெயரைப் போட்டாள்.
பெயருக்குக் கீழே, கரைந்துபோன அந்த இடத்தில்
பேனா நின்றது.

எனக்குத் தைரியம் இல்லை.
தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று
குடத்தோடு வெளியே வந்துவிட்டேன்.
பூரா காற்றில் லோக்ரும் தீவு நடுங்கியது.
திரும்பினால்
மேசை காலி. அடுப்பில் சாம்பலும் இல்லை.
ஜூனிப்பர் வாசனை மட்டும்.

"கடைசியில் என்ன எழுதினாய்?"

கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.
"உனக்குத்தானே எழுதினேன்.
படிக்கவில்லையா?"